வல்வைப் பட்டப் போட்டிக்கு எந்த லென்ஸ்?

மார்கழியில் வாடைக்காற்று நன்றாக வீசத் தொடங்கியதும் வடமராட்சியில் முற்றத்துக்கு முற்றம் மூங்கில் சீவுகிறார்கள். கமரா வைத்திருப்பவர்களிடையே அதே நாட்களில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் போட்டியில் பட்டங்களைப் படம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது? கமராவோடு வந்த 18-55 மிமீ லென்ஸ் போதுமா (எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும்), 70-300 ஒன்று வாங்கலாமா, காசைச் சேர்த்து ஒரேயடியாக 150-600க்குப் போய்விடலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சர் உள்ள கமராவோடும் ஒரே ஒரு லென்ஸோடும் அந்தக் கடற்கரைக்குப் போகிற ஒருவர் 55-250 மிமீ லென்ஸைக் கொண்டு போகவேண்டும். உங்கள் கமராவுக்கு அந்த அளவில் லென்ஸ் இல்லையென்றால் 70-300. இரண்டுமே ஆரம்பக்காரருக்கான மலிவு வரிசை என்று பெயர் எடுத்தவை; அதனால் பலர் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. மலிவு என்பதற்காக நான் இவற்றைச் சொல்லவில்லை. பட்டம் பறக்கும் விதத்துக்கு இந்த நீளம்தான் பொருந்துகிறது.

வானத்தில் பறப்பவற்றைப் படம் எடுப்பது பற்றித் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் விமானக் கண்காட்சிகளுக்கான அறிவுரைகள். அங்கே ஜெட் விமானம் பார்வையாளர்களிடமிருந்து சில நூறு மீற்றர் தள்ளி, பாதுகாப்புக்கென்று குறித்த கோட்டுக்கு அப்பால்தான் பறக்கும். 400 மிமீயில் தொடங்கு, முடிந்தால் 600 வரை போ என்பது அங்கே சரியான பேச்சு. பட்டம் உங்கள் கண்முன்னே, நாலைந்து பேர் தூக்கிப் பிடிக்க, மணலில் இருந்து எழும்புகிறது. கொஞ்ச நேரத்தில் ஐம்பது மீற்றர், பிறகு நூறு, நூல் விட விட இன்னும் தூரம். ஒரே பட்டத்தை ஆரம்பத்தில் இருந்து எடுக்க நினைப்பவரின் லென்ஸ் பதினைந்து மீற்றரிலும் வேலை செய்யவேண்டும், நூற்றைம்பது மீற்றரிலும் வேலை செய்யவேண்டும். விமானம் எடுப்பவருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

இதை ஒரு சின்னக் கணக்கால் பார்க்கலாம். சென்சரில் விழும் பிம்பத்தின் அளவு வேண்டுமென்றால், பொருளின் அளவைத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கினால் போதும். ஏபிஎஸ்-சி சென்சர் ஏறக்குறைய 23 மிமீ அகலம், 15 மிமீ உயரம். இரண்டு மீற்றர் உயரமான பட்டம் ஒன்று நூறு மீற்றர் தூரத்தில் நிற்கிறது என்று வைப்போம். 55 மிமீயில் அது வெறும் 1.1 மிமீ, படத்தில் ஒரு புள்ளி. 250இல் 5 மிமீ, அதாவது படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. 300இல் 6 மிமீ. 400இல் 8 மிமீ, பாதிக்குச் சற்று மேல். 600இல் 12 மிமீ. சட்டத்தை அநேகமாக நிரப்பிவிடும்.

கேட்கும்போது 600 தான் வென்றது போலத் தெரியும். ஆனால் பட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்று ஒரு தடவை தட்டினால் இரண்டு மூன்று மீற்றர் பக்கவாட்டில் போய்த் திரும்பும். சட்டத்தை நிரப்பிய பட்டம் அந்தத் தட்டலில் வெளியே போய்விடும், வால் வெட்டுப்படும். வால் இல்லாத கொக்குப் பட்டத்தைப் படத்தில் பார்த்தால் எதையோ பறிகொடுத்தது போலத்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு பட்டம், மிச்சம் வானமும் வாலும் என்று இருப்பதுதான் எனக்குப் பிடித்த அளவு. அதை 250உம் 300உம் தாராளமாகத் தருகின்றன.

இப்போது அதே கணக்கை மறுபக்கத்தில் போட்டுப் பாருங்கள். பட்டம் ஏற்றப்படும் இடத்தில் இருந்து பதினைந்து மீற்றர் தள்ளி நிற்கிறீர்கள். பட்டமும் அதைப் பிடித்திருக்கும் குழுவும் சேர்ந்து ஆறு மீற்றர் அகலம். 55 மிமீயில் அது 22 மிமீ. 23 மிமீ அகலமான சென்சரில் மட்டுமட்டாக அடங்கும். 70இல் 28 மிமீ, ஓரத்தில் ஒருவர் வெட்டுப்படுவார். 100இல் 40 மிமீ. 150 மிமீ லென்ஸிலோ அந்த இடத்தில் இரண்டே கால் மீற்றர் அகலம்தான் தெரியும். ஒரு முகமும் பட்டத்தின் ஒரு மூலையும். பின்னால் போய் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். பொங்கலன்று பின்னேரம் அந்தக் கடற்கரையில் பின்னால் போக இடம் இருக்காது. போனாலும் முன்னால் பத்துத் தலைகள் வந்து நிற்கும்.

ஆகவே பட்டத்துக்கு லென்ஸ் வாங்குபவர் பெட்டியில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் சின்ன எண்ணை முதலில் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். தூரம் போதாமல் போனால் வீட்டில் வந்து வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 6000க்கு 4000 புள்ளிகள். அதை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் 300 மிமீயில் எடுத்தது 600இல் எடுத்த சட்டமாகிவிடும். மிஞ்சுவது 3000க்கு 2000. பத்துக்குப் பதினைந்து அங்குல அச்சுக்கு அது போதும், அங்குலத்துக்கு 200 புள்ளி விழும். ஆனால் சட்டத்துக்குள் வராமல் விட்ட ஆளை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கனோன் வைத்திருப்பவர்கள்

கனோன்காரர்களுக்கு இந்தத் தெரிவு இலகு. இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் என்பது 2013இல் வந்த லென்ஸ், எடை 375 கிராம். பெயரின் கடைசியில் எஸ்டிஎம் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முந்திய பதிப்புகளும் சந்தையில் உண்டு. அவற்றின் போகஸ் மோட்டார் மெதுவானது, சத்தமும் போடும். இந்த லென்ஸ் 85 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போய்ப் போகஸ் செய்யும் என்பது பட்டப் படப்பிடிப்பில் எதிர்பாராமல் கைகொடுக்கும் விஷயம். ஏற்றுவதற்கு முன் முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) சரிபார்க்கும் விரல்கள், காற்றில் ஒலி எழுப்பும் விண் கட்டும் இடம், மெல்லிய ரிசுத்தாளில் ஒட்டிய பசையின் ஓரம் எல்லாவற்றையும் லென்ஸை மாற்றாமலே எடுக்கலாம். சிக்மா 150-600 கன்ரெம்பொறரி லென்ஸுக்கு அந்தக் குறைந்த தூரம் 2.8 மீற்றர்.

கனோனில் தவிர்க்கவேண்டியது 75-300. சில கமராக்களோடு பொதியாகச் சேர்த்துத் தந்ததால் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது. பாவித்ததும் மலிவாகக் கிடைக்கும். அதில் நடுக்கம் தாங்கும் வசதி இல்லை, போகஸ் மெதுவானது, 300 மிமீக்குப் போனதும் படம் மங்கும். ஏற்கெனவே கையில் இருந்தால் 200ஐத் தாண்டாமல், வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பேச்சரை எஃப் 8க்குச் சுருக்கிப் பாவியுங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். ஆர் வரிசை மிரர்லெஸ் கமரா என்றால் ஆர்எஃப் 100-400 இருக்கிறது, எடை 635 கிராம்தான். 400 மிமீ லென்ஸுக்கு அது வியக்கத்தக்க எடை. ஆனால் 100இல் தொடங்குவதால் ஏற்றும் காட்சிக்கு இன்னொரு கமராவோ போனோ கட்டாயம். பழைய 55-250ஐயே அடப்டர் போட்டு ஆர் கமராவில் மாட்டுவது எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

நிக்கோன் என்றால் கொஞ்சம் கவனம்

நிக்கோனில் நான் சொல்லுவது ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர். 2016இல் வந்தது, 415 கிராம், போகஸ் வேகமும் அமைதியும் இந்த விலை வரிசையில் மிக நல்லது. ஆனால் வாங்கும்முன் உங்கள் கமராவின் பெயரைப் பாருங்கள். டி90, டி3100, டி5100, டி7000 போன்ற பழைய கமராக்களில் ஏஎஃப்-பி லென்ஸ் போகஸ் ஆகாது. கையால் திருப்பிச் சமாளிக்கலாம் என்றும் நினைக்கவேண்டாம். அதன் போகஸ் வளையமே மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. இன்னொரு சிக்கல், அதே 70-300 என்ற எண்ணில் விஆர் எழுத்து இல்லாத, அதாவது நடுக்கம் தாங்கும் வசதி இல்லாத தம்பி ஒன்றும் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய கமரா வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 55-300 விஆர் தேடலாம். போகஸ் மெதுவானதுதான், ஆனால் 55இல் தொடங்குகிறது. நான் மேலே சொன்ன காரணத்துக்காகவே அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

சோனி ஏபிஎஸ்-சி வைத்திருப்பவருக்கு 70-350 ஜி நல்ல லென்ஸ், 625 கிராம். விலைதான் யோசிக்க வைக்கும்.

சரி, பெரிய லென்ஸுகள்?

150-600ஐ நான் குறைத்துப் பேச வரவில்லை. வல்லை வெளியால் போகும்போது தொண்டைமானாற்று நீரேரியில் பறவைகளைப் பார்த்து வண்டியை நிறுத்துபவர், மண்டைதீவுப் பக்கம் பூநாரைக்காகக் காத்திருப்பவர் எல்லாம் கட்டாயம் அதைத்தான் வாங்கவேண்டும். பறவைக்கு 300 போதாது என்பது உண்மை. அப்படியான ஒருவர் பொங்கலன்றும் அதையே கொண்டு வருவதில் தவறில்லை. ஆனால் பட்டத் திருவிழாவுக்கென்றே அதை வாங்குவது காசையும் தோளையும் வீணாக்கும். சிக்மா கன்ரெம்பொறரி 1930 கிராம், டாம்ரன் இரண்டாம் பதிப்பு இரண்டு கிலோ, நிக்கோன் 200-500 தாங்கியோடு 2.3 கிலோ. இவற்றை இரண்டு மூன்று மணித்தியாலம் கையில் ஏந்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஒற்றைக்கால் தாங்கி உதவுமே என்றால், அது கண்மட்டத்தில் உள்ளவற்றுக்குத்தான் நல்லது. பட்டம் தலைக்கு மேல் ஐம்பது அறுபது பாகையில் நிற்கும்போது தாங்கியைச் சரித்து, குனிந்து, கழுத்தை முறித்து எடுக்கவேண்டி வரும். அதோடு லென்ஸை முழுதாக நீட்டி, முன்னால் வெயில் மறைக்கும் ஹூட் போட்டால் கிட்டத்தட்ட அரை மீற்றர். பிள்ளைகள் ஓடித்திரியும் கூட்டத்தில் அதைத் திருப்புவதே பயம்.

இடைப்பட்ட 100-400 பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சிக்மாவும் டாம்ரனும் 2017இல் ஆளுக்கொன்று கொண்டுவந்தன. இரண்டும் ஒன்றேகால் கிலோவுக்குள். தூரத்தில் நிற்கும் பட்டத்துக்கு இவற்றில் எடுத்த படம் 55-250 படத்தைவிடக் கூர்மையாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. இரண்டு கமரா வைத்திருப்பவருக்கு இதுதான் சிறந்த வழி என்றே சொல்வேன்: ஒன்றில் 100-400, மற்றதில் 18-55. ஃபுல் பிரேம் எனப்படும் பெரிய சென்சர் கமரா வைத்திருப்பவருக்கும் இது சரி, ஏனென்றால் அங்கே 100 மிமீ என்பது ஏபிஎஸ்-சியில் 65 போலத்தான் தெரியும். ஒரே ஒரு ஏபிஎஸ்-சி கமரா என்றால் நான் மேலே சொன்ன பழைய காரணம் திரும்ப வருகிறது.

இன்னொரு வழி நம் ஊரில் எப்போதும் இருக்கிறது. கலியாணமும் சாமத்தியச் சடங்கும் எடுக்கும் படப்பிடிப்பாளர்கள் பலரிடம் 70-200 எஃப் 2.8 இருக்கும். பொங்கலன்று அவர்களுக்கு வேலை குறைவு. தெரிந்தவர் என்றால் இரவல் கேட்டுப் பாருங்கள். 200 மிமீயில் நூறு மீற்றர்ப் பட்டம் 4 மிமீ தான் வரும், ஆனால் படம் அவ்வளவு தெளிவாக இருப்பதால் தயங்காமல் வெட்டலாம். ஒன்றரைக் கிலோ எடை. அதற்குத் தயாராகப் போங்கள்.

18-55 மட்டும்தான் கையில் என்றால் வீட்டில் இருந்துவிடவேண்டாம். உயரப் பறக்கும் தனிப் பட்டத்தை மறந்துவிட்டு, ஏற்றும் இடத்தில் நில்லுங்கள். 18 மிமீயில் தாழ்ந்து உட்கார்ந்து, முன்னால் நூல் இழுக்கும் கைகள், மேலே பட்டம் என்று எடுத்தால் அது 600 மிமீக்காரருக்குக் கிடைக்காத படம்.

வெயில் எந்தப் பக்கம்?

லென்ஸ் தெரிவில் இதை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இது பெரிய விஷயம். வல்வெட்டித்துறைக் கடற்கரை வடக்குப் பார்த்தது. தை மாதக் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கரையை நோக்கி வருகிறது. ஆகவே கடற்கரையில் ஏற்றிய பட்டம் காற்றோடு தென்மேற்காக, ஊரின் பக்கம்தான் போய் நிற்கும். பின்னேரம் நாலு மணிக்குச் சூரியனும் தென்மேற்கில்தான், அடிவானத்தில் இருந்து முப்பது பாகை உயரம்கூட இருக்காது. பட்டத்தின் முகம் எப்போதும் காற்றையும் நூல் பிடிப்பவரையும் பார்த்தபடி இருக்கும். முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் நீங்கள் கடல் பக்கம் நின்று வெயிலை நோக்கித்தான் கமராவைத் தூக்கவேண்டும்.

இதனால் இரண்டு விளைவு. ரிசுத்தாள் பட்டம் என்றால் பின்வெயில் தாளின் ஊடாக வந்து நிறங்கள் விளக்குப் போலப் பற்றி எரியும். ஈர்க்கும் மூங்கிலும் கோடு கோடாகத் தெரியும். எட்டுமூலைப் பட்டம் ஒன்று அந்த வெளிச்சத்தில் நிற்பதைவிட அழகான காட்சி அந்த நாளில் வேறு கிடையாது. தடித்த துணியாலோ அட்டையாலோ செய்த விமானம், கப்பல் போன்ற பெரிய உருவங்கள் மாறாகக் கறுத்துப் போகும். அவற்றுக்கு வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) பிளஸ் ஒன்று, ஒன்றரை என்று ஏற்றவேண்டும்.

லென்ஸைப் பொறுத்தவரை பின்வெயில் என்றால் ஹூட் கட்டாயம். கனோன் 55-250க்கும் நிக்கோன் டிஎக்ஸ் 70-300க்கும் பெட்டியில் ஹூட் வராது, தனியே வாங்கவேண்டும். பாதுகாப்புக்கென்று போட்டிருக்கும் மலிவான யுவி கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். படத்தில் பச்சைப் பொட்டுகள் விழுவதற்கு அநேகமாக அதுதான் காரணம். டிஎஸ்எல்ஆர் பார்வைத் துளையில் கண்ணை வைத்தபடி தொலைவு லென்ஸைச் சூரியனுக்கு நேரே ஒருபோதும் கொண்டு போகவேண்டாம். கண் போனால் போனதுதான்.

வெளிச்சத்தின் அளவைப் பார்த்தால் எஃப் 6.3 போன்ற சின்ன அப்பேச்சர் மூன்று, நான்கு மணிக்குத் தடையே இல்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 200, எஃப் 6.3 என்று வைத்தால் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேலேயே கிடைக்கும், பட்டத்துக்கு அது போதும். ஐந்தரைக்குப் பிறகுதான் விலை கூடிய லென்ஸின் அருமை தெரியும். அந்த வேளையில் எஃப் 2.8 லென்ஸ் 6.3ஐவிட ஐந்து மடங்கு வெளிச்சம் எடுக்கும். ஆறு மணி கடந்து பொழுது பட்டபின் மின்குமிழ் கட்டிய பட்டம் ஏதும் எழும்பினால் எந்தத் தொலைவு லென்ஸும் தடுமாறும். பையில் ஒரு 50 மிமீ எஃப் 1.8 வைத்திருங்கள். 160 கிராம்தான், 6.3ஐவிடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம்.

போகஸுக்கு ஒரு வார்த்தை. வெறும் நீல வானத்தில் கமரா பிடிக்க எதுவும் இல்லாமல் முன்னும் பின்னும் தேடும். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் தெரிந்து, தொடர் போகஸில் வைத்து, பட்டத்தின் நிறம் மாறும் விளிம்பில் குறிவையுங்கள். சிக்மாவின் 100-400, 150-600 இரண்டிலும் கிட்டத் தூரத்தைத் தடுக்கும் சுவிட்ச் உண்டு, அது இந்தத் தேடலை நன்றாகக் குறைக்கும். மலிவு லென்ஸில் அது இல்லை. தொலைந்து போனால் அதே தூரத்தில் இருக்கும் ஒரு பனை வட்டிலோ வீட்டுக் கூரையிலோ போகஸ் செய்துவிட்டு மேலே வாருங்கள்.

கடற்கரையில் லென்ஸை மாற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். கரையை நோக்கி வீசும் காற்றில் உப்பும் மணலும் இருக்கிறது, திறந்த கமராவுக்குள் போனதை எடுப்பது செலவு. ஒரு லென்ஸோடு முழுப் பின்னேரத்தையும் சமாளிக்கலாம் என்பதற்காகவும்தான் நான் 55இல் தொடங்கும் லென்ஸை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அகலமான காட்சிக்குப் போனை எடுங்கள், கூட்டம், வானம் முழுக்கப் பட்டங்கள் என்ற படத்துக்கு இன்றைய போன்கள் குறைவைப்பதில்லை. கண்ணைத் துளையில் வைத்தபடி பின்னால் நடக்கவேண்டாம். பெரிய பட்டங்களின் நூல் இறுகி நிற்கும், கழுத்தை அறுக்கும். ட்ரோன் கொண்டு வரலாமா என்று கேட்பவர்களுக்கு: சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகள் ஒருபக்கம் இருக்கட்டும், நூறு நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் வானத்தில் அதை விடுவது பட்டம் கட்டிய பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

பாவித்த லென்ஸ் வாங்குவதாக இருந்தால், நம் ஊர் ஈரக்காற்றுக்கு முதலில் பார்க்கவேண்டியது பங்கஸ் (பூஞ்சணம்). இரண்டு மூடியையும் கழற்றி, அப்பேச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் போன் டோர்ச்சை அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கவேண்டாம். தூசி இரண்டு மூன்று கிடந்தால் பரவாயில்லை. பிறகு உங்கள் கமராவில் மாட்டி, கடை வாசலுக்கு வந்து, தூரத்தில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையை லென்ஸின் கடைசி நீளத்தில் எடுத்து, எழுத்து வாசிக்க முடிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இதைச் செய்ய விடாத இடத்தில் வாங்கவேண்டாம். பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னதாக வாங்கினால் நல்லது. வீட்டுக்கு மேலே பறக்கும் பிராந்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பட்டத்தையும் எடுத்துக் கை பழகிக்கொள்ளலாம்.